அரைப்புள்ளி தேய்ந்த கீபோட்

இலங்கையில் அச்சான ஏதாவது ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுத்து அதன் பதிப்புப் பக்கத்தைப் பாருங்கள். எழுதியவர், வெளியிட்டவர், அட்டைப்படம் செய்தவர், அச்சகம், விலை எல்லாம் இருக்கும். சிலவற்றில் 'கணினி வடிவமைப்பு' என்று ஒரு கடையின் பெயரும் இருக்கும். ஆனால் கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தையும் விரலால் அடித்த மனிசரின் பெயர் அநேகமாக இருக்காது. நாங்கள் வரலாறு படிக்கிற பிள்ளைகள். கல்வெட்டு, ஏடு, ஒல்லாந்தர் காலத் தோம்பு என்று மூலங்களைப் பற்றி மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த ஆக்களுக்கு என்ன மூலம் இருக்கு என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. யோசிக்க வைத்தது ஒரு ஊத்தைக் கீபோட்.

கொழும்பில் பழைய கணினிச் சாமான் விற்கிற கடையொன்றில் வாங்கியது. ஐ.பி.எம். மொடல் எம். பின்பக்க லேபலில் 1990 என்று ஆண்டு. செய்யப்பட்ட இடம் ஸ்கொட்லாந்தின் கிறீனொக். இரண்டு கிலோவுக்கு மேல் பாரம். எங்களில் ஒருத்தருக்கு மெக்கானிக்கல் கீபோட் விசர். மற்ற மூன்று பேரும் காசு போட்டது அவரின் ஆய்க்கினை தாங்கேலாமல்தான். வீட்டுக்குக் கொண்டு வந்து வெளிச்சத்தில் பார்த்தால் விசைகளின் இடையில் சாம்பல் நிறத்தில் கம்பளி போட்டமாதிரி ஊத்தை. முடி, ஸ்ரேப்ளர் பின், பிஸ்கற் தூள், என்னவென்றே தெரியாத ஒட்டல். ஆனால் எங்களை நிறுத்தியது அது இல்லை. சில விசைகளின் மேல் பழைய ஸ்ரிக்கர் துண்டுகள் இருந்தன. தமிழ் எழுத்து ஸ்ரிக்கர்.

கழுவ முந்தி இந்தச் சாமான் என்னவென்று கொஞ்சம் சொல்ல வேணும். மொடல் எம்மை ஐ.பி.எம். 1985இல் கொண்டுவந்தது. அதற்கு முந்தின மொடல் எஃப், 1981இல் வந்த முதல் ஐ.பி.எம். பீ.சி.யோடு விற்கப்பட்டது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு சின்ன ஸ்பிரிங் நிற்கும். அமுக்க அமுக்க அது தாங்கும். ஒரு கட்டத்தில் இடுப்பு முறிந்தமாதிரிப் பக்கவாட்டில் மடியும். மடிகிற அதே கணத்தில் அடியிலிருக்கிற சின்னத் துண்டைத் தட்டிவிடும், 'டக்' என்று சத்தமும் வரும். எழுத்து விழுந்துவிட்டது என்று விரலுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் தெரியும். ரிச்சர்ட் ஹன்ரர் ஹாரிஸ் என்ற ஐ.பி.எம். பொறியியலாளர் 1970களில் இதற்குக் காப்புரிமை எடுத்தவர். இப்ப கேமிங் கீபோட்களில் இருக்கிற செரி எம்எக்ஸ் வகை வேறு குடும்பம். அது 1980களில் வந்தது.

ஐ.பி.எம். ஏன் இவ்வளவு மினக்கெட்டது? அது அடிப்படையில் ரைப்ரைட்டர் கொம்பனியும்தான். 1961இல் வந்த அவர்களின் செலெக்ரிக் ரைப்ரைட்டரில் உலகம் முழுக்க காரியாலயங்களில், பெரும்பாலும் பெண்கள், நாள் முழுக்க அடித்தார்கள். மொடல் எம் செய்யப்பட்ட அமெரிக்காவின் லெக்சிங்டன் தொழிற்சாலையே முதலில் ரைப்ரைட்டர் தொழிற்சாலைதான். அந்த விரல்கள் கணினிக்கு முன்னால் வந்து இருக்கேக்க, பழகிய தாக்கம் அவர்களுக்குக் கிடைக்க வேணும். ஆக, இன்றைக்கு நாங்கள் 'கிளிக் சத்தம் கேக்க ஆசையா இருக்கு' என்று ரசிக்கிற விஷயம், முதலில் ஒரு கிளாக்கர் பிள்ளையின் வேலை வேகத்துக்காக யோசிக்கப்பட்டது.

இனிக் கழுவின கதை. அகழ்வாய்வில் மண்ணை எடுக்க முந்தி படம் கீறுவார்கள். நாங்களும் முதலில் படம் எடுத்து, எந்த விசையில் எந்த ஸ்ரிக்கர் மிஞ்சியிருக்கு என்று கொப்பியில் கட்டம் போட்டுக் குறித்தோம். பிறகுதான் விசைகளைக் கழற்றியது. விசை கழற்றுகிற கருவி எங்களிட்ட இல்லை. இரண்டு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி வளைத்துச் செய்த கொக்கி போதுமாயிருந்தது. இந்த மொடலில் பெரும்பாலான விசை இரண்டு துண்டு: எழுத்துள்ள தொப்பி ஒன்று, அதன் அடியில் தண்டு ஒன்று. 102 விசை. பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணி, பாத்திரம் கழுவுகிற திரவம் கொஞ்சம். ஒரு இரவு ஊறப்போட்டு, காலையில் பழைய பல்பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்தோம். தண்ணி தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. கொதிதண்ணி ஊற்றக்கூடாது, தொப்பி தாங்கினாலும் தண்டு வளையலாம். ஈரம் போகக் குறைந்தது ஒரு நாள் துணியில் கவிழ்த்து வைக்க வேணும். தண்டுக்குள் தண்ணி நின்றால் கீழேயிருக்கிற ஸ்பிரிங் கறள் பிடிக்கும்.

உடம்பைத் திறக்க 5.5 மில்லிமீற்றர் பொக்ஸ் ஸ்பனர், அதுவும் மெல்லிசானது, வேணும். நாலு போல்ட். உள்ளே தட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது பிளாஸ்ரிக் ஆணிகள். வயது போனால் அவை தட்டினாலே முறியும், அதனால் அதுக்கு மேல் கழற்றவில்லை. சைக்கிள் பம்பால் தூசியை ஊதி, பாமசியில் வாங்கின சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தோம். ஸ்ரிக்கர் பசைக்கு ஸ்பிரிட்டை விடத் தேங்காயெண்ணெய் திறம். பத்து நிமிஷம் பூசி வைத்தால் நகத்தாலேயே உருளும். பழைய பிளாஸ்ரிக்கின் மஞ்சளை வெளுக்க ஐதரசன் பேரொட்சைட்டைப் பூசி வெயிலில் வைக்கிற ஆக்களும் இருக்கினம். நாங்கள் அதைச் செய்யவில்லை. 1990ஆம் ஆண்டுச் சாமான் 1990ஆம் ஆண்டுச் சாமான் மாதிரி இருக்கட்டும்.

காய்ந்த விசைகளைத் திரும்பப் பூட்டத் தொடங்கேக்கதான் அந்த விஷயம் கையில் பட்டது.

மொடல் எம்மின் எழுத்துகள் மேலால் அச்சடித்தவை இல்லை. பீ.பீ.ரி. என்ற கடினமான பிளாஸ்ரிக்குக்குள் சாயத்தைச் சூடாக்கி இறக்கியவை. முப்பது வருஷம் அடித்தாலும் எழுத்து அழியாது. ஆனால் மேற்பரப்பு தேயும். புதுசில் இருக்கிற சொரசொரப்புப் போய், அதிகம் அடிபட்ட விசை கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகும். ஊத்தை இருக்கும்வரை எல்லாம் ஒன்றுதான். கழுவின பிறகுதான் வித்தியாசம் தெரியும். ஒருத்தரின் கண்ணைக் கட்டி விசைகளைக் கையில் கொடுத்து, ஆக வழுவழுப்பானதைச் சொல்லச் சொன்னோம். அவர் எடுத்துத் தந்தது அரைப்புள்ளி விசை. அதற்கு அடுத்தது எச். பிறகு பி.

ஆங்கிலத்தில் அடிக்கிற கீபோட்டில் ஆகத் தேய வேண்டியது ஈ. ஆங்கிலத்தில் ஆகக்கூட வருகிற எழுத்து அதுதான். அரைப்புள்ளியைச் சாதாரண ஆக்கள் தொடுவதேயில்லை. இங்கே தலைகீழ். ஈ விசையில் இன்னும் சொரசொரப்பு இருந்தது.

பாமினி எழுத்துரு தெரிந்த ஆக்களுக்கு இப்ப விளங்கியிருக்கும். பாமினியில் புள்ளி இருக்கிற இடம் அரைப்புள்ளி விசை. எச் விசை அரவு, 'ா'. பி விசை விசிறி, 'ி'. தமிழ் வசனம் எதையும் எடுத்துப் பாருங்கள், இந்த மூன்றும் இல்லாமல் ஒரு வரி தாண்ட ஏலாது. ஆங்கிலத்தின் ராசாவான ஈ விசையில் பாமினி வைத்திருப்பது 'ந'. மிச்சம் இருந்த ஸ்ரிக்கர்களும் இதையே சொன்னன. எக்ஸ் விசையில் 'ஒ', சதுர அடைப்புக்குறியில் 'ஜ'. அதிகம் தொடாத விசைகளில் மட்டும்தான் ஸ்ரிக்கர் தப்பியிருந்தது. தொட்டதில் எல்லாம் ஸ்ரிக்கர் எப்பவோ உரிந்து, அதுக்குப் பிறகு பிளாஸ்ரிக்கே தேயத் தொடங்கியிருக்கு. (ஆவணக் காப்பகங்களிலும் இதே கதைதான் என்று எங்கட விரிவுரையாளர் ஒருவர் சொல்லுவார்: நல்லாப் பாவிச்ச கடதாசி மிஞ்சாது.)

எங்களுக்குள்ளேயே ஒரு மறுப்பு வந்தது. அரைப்புள்ளியை நாள் முழுக்க அடிக்கிற இன்னொரு கூட்டமும் இருக்கு, புரோகிராம் எழுதுகிறவர்கள். சி மொழியில் வரி முடிகிற ஒவ்வொரு இடத்திலும் அரைப்புள்ளிதான். நியாயமான கேள்வி. ஆனால் புரோகிராமர் அடித்திருந்தால் ஈயும் ரியும் சேர்ந்து தேய்ந்திருக்க வேணும், 'ா' இருக்கிற எச் இவ்வளவு தேய்ந்திருக்காது. ஷிஃப்ட் விசையும் ஒரு சாட்சி. பாமினியில் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு எஃப் அடித்தால் 'கு', ஜே அடித்தால் 'து'. இந்தக் கீபோட்டின் இரண்டு ஷிஃப்ட்டும் நடுவில் பளபளவென்று இருந்தன. ஒரு மூலத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீங்கோ என்று முதலாம் வருஷத்தில் படித்ததை இப்படிப் பாவிப்போம் என்று நினைக்கவில்லை.

பாமினி ஒரு தந்திரம். கணினிக்குத் தமிழ் தெரியாத காலத்தில், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்து ஏமாற்றுவது. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. திரையில் தெரிவது 'தமிழ்'. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் வேஷம் கலைந்து ஆங்கிலக் குப்பை வரும். இது நடக்காத தமிழ் மாணவர் இந்த நாட்டில் இருக்கேலாது. யுனிகோட்டில் 1991இன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. வின்டோஸில் தமிழ் சரியாக வந்தது வின்டோஸ் 2000த்தோடு. அதுக்குப் பிறகும் எத்தனையோ அச்சகங்களில் இன்றைக்கும் பாமினிதான். காரணம் பழமைப் பிடிவாதம் இல்லை, விரல். பாமினியின் நடுவரிசையில் இடது கைக்கு வருகிற ய, ள, ன, க, ப ரைப்ரைட்டர் வகுப்பில் முதல் நாள் பழக்குகிற வரிசை. ரைப்ரைட்டரில் படித்த ஒருத்தர் கணினிக்கு வந்தால் பாதி வேலை முடிந்தமாதிரி. 1999இல் சென்னை மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 அமைப்பு உயிரெழுத்துகளை ஒரு கைக்கும் மெய்களை மறு கைக்கும் பிரித்து வைத்தது, அழகான யோசனை. ஆனால் இலங்கையின் 2008 தமிழ் நியமம் எடுத்தது ரைப்ரைட்டர் வழி வந்த ரெங்கநாதன் விசைப்பலகையை. எங்களுக்கு அது சரியாகத்தான் படுகிறது. ஏற்கெனவே அடிக்கத் தெரிந்தவர்களின் உழைப்பை அது வீணாக்கவில்லை.

அந்த ரைப்ரைட்டருக்கும் எங்கட ஊரோடு சொந்தம் உண்டு. தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை என்று சொல்லப்படுகிற ஆர். முத்தையா 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போன யாழ்ப்பாணத்தாரில் ஒருவர். அங்கே காரியாலய உத்தியோகம். ஆங்கிலத்தில் மளமளவென்று கடிதம் அடிக்கிற மெசினைத் தமிழுக்குக் கொண்டுவர ஏலாதோ என்று யோசித்த மனிசர். கடைசியில் ஜேர்மனியின் சைடல் அன்ட் நௌமான் கொம்பனி செய்த பிஜூ என்ற சின்ன ரைப்ரைட்டரில் தமிழ் ஏறியது.

அவருக்கு முன்னால் இருந்த கணக்கை நினைத்துப் பாருங்கள். தமிழ் நெடுங்கணக்கில் 247. ஒரு ரைப்ரைட்டரில் ஐம்பதுக்கும் குறைவான விசை. எல்லா எழுத்தையும் தனித்தனியாக வைக்க வழியில்லை, உடைக்க வேணும். புள்ளியைத் தனியாக, அரவைத் தனியாக, கொம்பைத் தனியாக. அதில் புள்ளிதான் பெரிய வில்லங்கம், ஏனென்றால் அது எழுத்துக்குப் பக்கத்தில் இல்லை, தலைக்கு மேல் இருக்கு. வழி என்னவென்றால் நகரா விசை. அதை அடித்தால் புள்ளி கடதாசியில் விழும், ஆனால் உருளை நகராது. அதே இடத்தில் அடுத்து 'க' அடித்தால் 'க்'. ஆகவே ரைப்ரைட்டரில் புள்ளி முதல், எழுத்து பிறகு. நாங்கள் கையால் எழுதுகிற ஒழுங்குக்கு நேர் எதிர்.

புள்ளிக்குத் தொல்காப்பியத்திலேயே இலக்கணம் இருக்கு, மெய்யெழுத்து புள்ளியோடு நிற்கும் என்று. ஆனாலும் ஏட்டில் எழுதினவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி முனை ஓலையைக் குத்திக் கிழித்துவிடும். வாசிக்கிறவர் இடம் பார்த்துப் புள்ளியை மனதுக்குள் போட்டுக்கொள்ள வேணும். அச்சு வந்த பிறகுதான் புள்ளி நிலையாக நின்றது. பிறகு ரைப்ரைட்டரில் அதுக்கென்று ஒரு விசை வந்தது. பிறகு கணினியில் ஒரு வெள்ளைக்காரக் கீபோட்டின் சும்மா கிடந்த அரைப்புள்ளியில் போய் இருந்துகொண்டது. ஓலையில் தவறிய புள்ளி, பிளாஸ்ரிக்கில் எல்லாத்தையும் விட அதிகமாகத் தேய்ந்த இடமாக எங்கட கைக்கு வந்தது.

இது சாமான் பற்றிய கதை மட்டும் இல்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம். 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. இந்த வருஷங்களைப் பரீட்சைக்குப் பாடமாக்காத பிள்ளை இல்லை. ஆனால் ஒரு கச்சேரியில் உங்களுக்குத் தமிழில் கடிதம் வர வேணும் என்றால் அங்கே ஒரு தமிழ் ரைப்ரைட்டரும், அதை அடிக்கத் தெரிந்த ஒருத்தரும், அவருக்கு ஒரு மேசையும் இருக்க வேணும். சட்டம் பற்றி எங்கட நூலகத்தில் அலுமாரி நிறையப் புத்தகம் இருக்கு. அந்த மேசையைப் பற்றி ஒரு புத்தகத்தையும் நாங்கள் அங்கே காணவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த ஒருத்தரை நாங்கள் போய்ப் பார்த்தோம். எங்களில் ஒருத்தரின் தூரத்துச் சொந்தம், அன்ரி என்றுதான் கூப்பிடுவோம். 80களில் யாழ்ப்பாணத்தில் ரைப்பிங் வகுப்புக்குப் போய்ப் பழகி, பிறகு ஒரு கடையில் கூலிக்கு அடித்தவர். கழுவிப் பூட்டின கீபோட்டையும் மடிக்கணினியையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தோம். "இதென்ன பிள்ளையள், இந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு வாறீங்கள்" என்றார். பிறகு விரலை வைத்து, கீபோட்டைப் பார்க்காமல், எங்களையும் பார்க்காமல், ஒரு பந்தி அடித்துக் காட்டினார். எங்கள் நாலு பேரின் வேகத்தையும் கூட்டினாலும் அவருக்குக் கிட்டப் போகேலாது.

90களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. ரைப்ரைட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. ஜாம் போத்தல் விளக்கை வைத்துக்கொண்டு அடித்தாராம். ரிபன் கிடைக்காது, காய்ந்த ரிபனுக்குத் துளி எண்ணெய் விட்டுத் திருப்பித் திருப்பி அடிப்பாராம். என்ன அடிச்சனீங்கள் அன்ரி என்று கேட்டோம். கலியாணக் காட், சங்கக் கடை அறிக்கை, பள்ளிக்கூடச் சோதனைத் தாள், எல்லாம் சொன்னார். பிறகு, பிள்ளையைக் காணேல்லை என்று தாய்மார் கொண்டுவருகிற கடிதங்கள். செஞ்சிலுவைக்கு ஒன்று, ஏஜிஏக்கு ஒன்று, இன்னும் யார் யாருக்கோ. தாள்களுக்கு இடையில் காபன் வைத்து ஒரே அடியில் நாலு பிரதி. தாய் சொல்லச் சொல்ல அடிப்பாராம். பேர், வயது, கடைசியாகப் போட்டிருந்த சேட்டின் நிறம். அதுக்கெல்லாம் காசு வாங்கேல்லை என்றார். 95 இடப்பெயர்வில் அந்த மெசினை விட்டுவிட்டுத்தான் போனவர், பாரம், தூக்கேலாது. திரும்பி வந்தபோது வீட்டில் அது இல்லை. ஒரு காபன் பிரதியும் அவரிட்ட இல்லை.

கணினிக்கு மாறினது 2000க்குப் பிறகு. விசையெல்லாம் பழகின இடங்களுக்குக் கிட்டத்தான் இருந்ததாம், புள்ளியின் ஒழுங்கைத் தவிர. "மெசினில முதல் புள்ளி, பிறகுதான் எழுத்து. இதில எழுத்து முதல். ஆறு மாசம் கை கேக்கேல்லை பிள்ளையள். எல்லாச் சொல்லிலயும் புள்ளி முன்னெழுத்தில போய்க் குந்தும்." அப்போது அடித்த பக்கங்களைத் தானே இரவில் இருந்து திருத்துவாராம்.

எங்கட தலைமுறை அடிப்பது வேறு விதம். 'ammaa' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி 'அம்மா' எடுக்கிறோம். அல்லது போன் தானாகவே சொல்லை நீட்டிக் காட்டுகிறது, நாங்கள் தொடுகிறோம். குறை சொல்லவில்லை, இந்தக் கட்டுரையின் பாதியும் அப்படித்தான் அடிக்கப்பட்டது. ஆனால் கண்ணாடித் திரை தேயாது. எந்த எழுத்தை எவ்வளவு அடித்தோம் என்று எங்கட போனைக் கழுவி யாரும் கண்டுபிடிக்க ஏலாது.

மிஞ்சிய ஸ்ரிக்கர்களை எண்ணெய் விட்டு முழுதாக எடுத்து ஒரு கடித உறையில் போட்டு, வாங்கிய திகதியும் விசைகளின் கட்டமும் குறித்து வைத்திருக்கிறோம். அன்ரியோடு இன்னும் இரண்டு மூன்று நாள் இருந்து பேசிப் பதிவு செய்யப் போகிறோம், அவர் ஓம் என்று சொல்லியிருக்கிறார். உங்கட வீட்டிலோ ஒழுங்கையிலோ தமிழில் ரைப் அடிச்ச ஆக்கள் இருந்தால் போய்க் கேட்டு எழுதி அனுப்புங்கோ. எங்கே பழகினவை, யாருக்கு அடிச்சவை, எந்த விசை முதல் தேஞ்சது.